ஆச்சியின் குழம்புப் பொடிச் சீட்டில் "வ ப" என்றால் என்ன?

#1 தென்காசிப்பேத்தி | சனி, காலை 9:40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே சும்மா படித்துவிட்டுப் போகிற ஆள் நான். இப்போது ஒரு உதவி வேண்டும்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டையில் 1955 என்று இருக்கிறது. நடுவில் ஒரு பக்கத்தில் "கு. பொடி" என்று தலைப்பு. ஆச்சி வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி வெயிலில் காயப்போட்டு அரைத்து வைக்கிற குழம்புப் பொடிதான். ஆச்சி போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அம்மா, பெரியம்மா, அத்தை என்று எல்லோரும் அவரவர் வழியில் பொடி போடுகிறார்கள். எதுவும் அந்தப் பொடி இல்லை. நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

மல்லி 4 ப
வத்தல் 1 வீ
மஞ்சள் 4 ப
மிளகு வ ப
சீரகம் வ ப
து. பருப்பு வ ப
வெந்தயம் 2 ப
பெ. காயம் 2 ரூ
க. இலை ஒரு கை வ
உப்பு ஒரு கை

வீ என்றால் வீசை என்று அம்மா சொன்னாள். ப என்றால் படி என்று நானே வைத்துக்கொண்டேன். வ என்றால் வறுக்கணும் போல என்று நினைத்தேன். ஒரு படிக்கு ஒரு டம்ளர் என்று சுருக்கி, மல்லி நாலு டம்ளர், வெந்தயம் இரண்டு டம்ளர், வத்தல் கண்ணளவாக அரைக் கிலோ போட்டேன். மஞ்சள் நாலு டம்ளர் என்றதும் எனக்கே இடித்தது, அதைக் கொஞ்சமாகப் போட்டேன். வெந்தயத்தில் ஏன் இடிக்கவில்லை என்று கேட்காதீர்கள். "ஆச்சி குழம்பில் வெந்தய வாசம் தூக்கலா இருக்கும்" என்று அம்மா சொன்னதை நம்பிவிட்டேன்.

குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் தயிரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வேப்பங்கொழுந்து கெட்டது. இப்போது ஒரு சம்புடம் நிறைய அந்தப் பொடி உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சீட்டை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#2 மல்லிவாசம் | சனி, காலை 10:15

ஐயோ, இரண்டு டம்ளர் வெந்தயமா! நம்ப முடியாமல் எங்கள் வீட்டு 200 மில்லி டம்ளரில் இப்போதுதான் நிறுத்துப் பார்த்தேன். மல்லி ஒரு டம்ளர் 66 கிராம். வெந்தயம் ஒரு டம்ளர் 148 கிராம். மல்லி உள்ளே காற்றாக இருக்கும், வெந்தயம் கூழாங்கல் மாதிரி. ஆக நீங்கள் போட்டது மல்லி 264 கிராம், வெந்தயம் 296 கிராம். அது மல்லிப்பொடியே இல்லை அக்கா, வெந்தயப் பொடியில் மல்லி தூவியிருக்கிறீர்கள்.

#3 சும்மாபடிப்பவன் | சனி, காலை 10:31

இவ்வளவு பாடுபடுவதற்குக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிவிட்டுப் போகலாமே. எல்லாப் பொடியும் கடைசியில் சிவப்பாகத்தான் இருக்கிறது.

#4 ரெண்டாம்தாளிப்பு | சனி, காலை 10:44

இதோ வந்துவிட்டார். தம்பி, அவர் பொடி எங்கே கிடைக்கும் என்று கேட்கவில்லை, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்.

தென்காசிப்பேத்தி, எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். மஞ்சளுக்கும் மல்லிக்கும் ஒரே "4 ப" வர முடியாது. விரலி மஞ்சளைப் படியில் போட்டு அளந்து பார்த்திருக்கிறீர்களா? குறுக்கும் நெடுக்குமாக நிற்கும், பாதிப் படி காற்றுதான். அந்தக் காலத்தில் விதை, பருப்பு, தானியமெல்லாம் படியில் அளப்பார்கள். கிழங்கு, வத்தல், புளி, வெல்லம் தராசில் ஏறும். அப்படியென்றால் இரண்டு "ப"வும் வேறு வேறு. ஒன்று படி. இன்னொன்று?

#5 பழையகணக்கு | சனி, பகல் 12:05

இன்னொன்று பலம்.

என் அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். பள்ளி விட்டு வந்ததும் பேரேட்டைக் கூட்டிச் சரிபார்ப்பது என் வேலை. எனவே இந்த எழுத்தெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

அந்தக் கால வெள்ளி ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், சுமார் 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர், அதாவது நாற்பது பலம், ஒரு வீசை. நூற்றிருபது ரூபாய் எடை என்று கூட்டினால் 1,400 கிராமுக்கு ஒரு நூல் குறைவு. எட்டு வீசை ஒரு மணங்கு. இது சென்னை மாகாணக் கணக்கு. சித்த வைத்தியர்கள் இன்றைக்கும் பலம் என்றால் 35 கிராம் என்றே நிறுக்கிறார்கள்.

ஆகவே மஞ்சள் 4 பலம், 140 கிராம். வெந்தயம் 2 பலம், 70 கிராம். மல்லி 4 படி.

அடுத்தது "வ". அம்மணி, அது வறுப்பது இல்லை. கால் என்பதன் குறி. பழைய தமிழ்க் கணக்கில் கால் பங்கை "வ" மாதிரிதான் எழுதுவோம். எண்சுவடி படித்த தலைமுறைக்கு அது எழுத்தாகவே தெரியாது, எண்ணாகத்தான் தெரியும். "மிளகு வ ப" என்றால் மிளகு கால் படி.

அதற்கடுத்தது "2 ரூ". இதை இரண்டு ரூபாய்க்குப் பெருங்காயம் என்று எடுத்துக்கொண்டீர்களா?

#6 தென்காசிப்பேத்தி | சனி, பகல் 12:20

ஐயா, கும்பிடுகிறேன். ஆமாம், இரண்டு ரூபாய்க்கு என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு இரண்டு ரூபாய்க்குப் பெருங்காயம் யார் தருவார்கள் என்று குழம்பி, ஒரு டப்பாவில் பாதியைக் கொட்டினேன்.

#7 பழையகணக்கு | சனி, பகல் 12:48

அதே நோட்டில் வேறு பக்கத்தில் விலை எழுதியிருப்பாரே, அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 2-0-0 என்று மூன்று கட்டமாக இருக்கும். ரூபாய், அணா, பை. அப்போது பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். விலையை அப்படி எழுதுகிற மனிதர் இங்கே மட்டும் மொட்டையாக "2 ரூ" என்று எழுதினால் அது விலை இல்லை. இரண்டு ரூபாய் எடை. 23 கிராம்.

#8 தென்காசிப்பேத்தி | சனி, பகல் 1:10

பார்த்தேன். பக்கத்துப் பக்கத்திலேயே "வேட்டி 1 சோடி 7-8-0" என்று இருக்கிறது! கையெல்லாம் சிலிர்த்துவிட்டது.

#9 மாவுமில் | சனி, மாலை 4:30

ராஜபாளையம் பக்கம் பத்தொன்பது வருஷமாக அரவை மில் வைத்திருக்கிறேன். சீட்டு படிக்கத் தெரியாது, பொடி தெரியும். ஐயா சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் சீட்டு சரியாக உட்காருகிறது. எங்கள் மில்லுக்கு வருகிற குழம்புத் தூளில் வத்தல் ஒரு கிலோ என்றால் மல்லி ஒன்றரைக் கிலோ வரும், வெந்தயம் 50 கிராம் வரும். அம்மா சொல்கிற ஒரு வீசை 1,400 கிராம் வத்தல். அதற்கு வெந்தயம் 70 கிராம்தான் கணக்கு. இரண்டு பலம் அதே 70. யாரோ தெரிந்தவர் போட்ட கணக்கு.

மல்லியை மட்டும் இன்னும் நம்ப வேண்டாம். படி ஊருக்கு ஊர் மாறும்.

#10 ரெண்டாம்தாளிப்பு | சனி, மாலை 5:02

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பட்டணம்படி பெரிது. தெற்கே சின்னப்படி, பெரியபடி என்று இரண்டு உண்டு, சில வீடுகளில் பக்கா என்பார்கள். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்கிற வகுத்தல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அந்தப் படி எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் தகராறு. அதனால் இணையத்தில் யாராவது "ஒரு படி இத்தனை மில்லி" என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், அது அவர் வீட்டுப் படி.

ஐயாவிடம் ஒரு சந்தேகம். கால் படிக்கு உழக்கு என்று பெயர் இருக்கிறது. அரைப்படிக்கு உரி. பெண்கள் வாயில் அன்றைக்கு உழக்கு, ஆழாக்குதான் புழங்கும். என் பாட்டி கடைசிவரை "உழக்கு அரிசி போடு" என்றுதான் சொன்னாள், ஒரு நாளும் கால் படி என்று சொன்னதில்லை. அப்படியிருக்க இந்த ஆச்சி ஏன் "வ ப" என்று எழுதினார்?

#11 பழையகணக்கு | சனி, இரவு 7:15

நல்ல கேள்வி. எழுதியது ஆச்சி இல்லை என்பது என் ஊகம். தாத்தாவின் கணக்கு நோட்டு என்றுதானே சொன்னார்? சமைக்கிறவர் உழக்கு என்பார். கணக்கு எழுதுகிறவர் கால் என்பார்.

#12 தென்காசிப்பேத்தி | சனி, இரவு 8:40

அம்மாவிடம் கேட்டேன். ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியுமாம். எழுதியது தாத்தாதான். தாத்தா தென்காசியில் ஒரு நவதானியக் கடையில் கணக்கப்பிள்ளை. வீட்டுக்குச் சாமான் வாங்க எது எவ்வளவு என்று ஆச்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாராம்.

அப்படியானால் நான் சமையல் குறிப்பு என்று கண்ணில் ஒற்றிக்கொண்டது மளிகைச் சீட்டா?

#13 மல்லிவாசம் | சனி, இரவு 8:55

அட! அதனால்தான் எதை எப்படி வறுக்கணும், எந்தப் பதம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. வாங்குகிறவருக்கு அது எதற்கு?

ஆனால் ஒன்று இடிக்கிறதே. மளிகைச் சீட்டில் கறிவேப்பிலையும் உப்பும் எதற்கு? அதுவும் "ஒரு கை". எந்தக் கடைக்காரர் கையால் அளந்து தருவார்? கறிவேப்பிலை கொல்லையிலேயே நின்றிருக்குமே. அப்புறம் அந்த வரியில் உள்ள "வ"வும் கால்தானா? ஒரு கை கால் என்றால் என்ன கணக்கு?

#14 தென்காசிப்பேத்தி | ஞாயிறு, காலை 7:30

மல்லிவாசம், நீங்கள் போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவர். காலை வெளிச்சத்தில் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதல் எட்டு வரி மை. கடைசி இரண்டு வரி பென்சில். எழுத்தே வேறு. தாத்தாவின் "க" சாய்ந்து இருக்கும், இந்தக் "க" பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினது மாதிரி நிமிர்ந்து குண்டாக இருக்கிறது.

போட்டோ எடுத்து அம்பாசமுத்திரத்தில் இருக்கிற பெரியம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்துவிட்டது. "அது நான் எழுதினதுதாம்ளா. எட்டாவது படிக்கிறப்போ. ஆச்சி வறுக்கிறதப் பாத்துக்கிட்டே எழுதினேன். தாத்தா இதையெல்லாம் விட்டுட்டாவன்னு."

க. இலை ஒரு கை, வறுக்கணும். அந்த ஒரு "வ" மட்டும் வறுதான். நான் முற்றிலும் முட்டாள் இல்லை!

#15 பழையகணக்கு | ஞாயிறு, காலை 8:05

ஒப்புக்கொள்கிறேன். மையில் இருக்கிற வ கால், பென்சிலில் இருக்கிற வ வறு. தாத்தாவின் எண் பேத்தியை எட்டுவதற்குள் எழுத்தாகிவிட்டது. 1956இல் சட்டம் வந்து, 58 அக்டோபரிலிருந்து கிலோ கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்து, 62 வாக்கில் வீசைக்கல்லும் பலக்கல்லும் கடையை விட்டுப் போயின. அதற்குப் பின் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தக் குறி தெரிய வாய்ப்பில்லை. எங்கள் கடை வீசைக்கல் ரொம்ப நாள் கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

#16 குளிர்தேசத்துமருமகன் | ஞாயிறு, காலை 10:20

நான் பின்லாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே மாசியில் வெயிலும் இல்லை, மில்லும் இல்லை. மிக்ஸிதான். வத்தல் பொடியாகிவிடுகிறது, மல்லித்தோல் மட்டும் நாராக நிற்கிறது. சீட்டு தெளிந்ததும் ஒரு கிலோவுக்கான அளவு போட்டால் புண்ணியமாகப் போகும்.

#17 மாவுமில் | ஞாயிறு, காலை 11:00

மருமகனுக்கு: மல்லியை அடுப்பில் வாசம் வருகிறவரை வறுத்து, முழுக்க ஆறவிட்டு, தனியாக முதலில் அரையுங்கள். சூட்டோடு போட்டால் எண்ணெய் விட்டு ஜாரில் அப்பிக்கொள்ளும். சலித்து, மேலே நிற்கிற தோலை வத்தலோடு சேர்த்து இன்னொரு ஓட்டு ஓட்டுங்கள். மஞ்சளுக்கு மிக்ஸியில் கை வைக்காதீர்கள், பிளேடு போய்விடும். அதை மட்டும் தூளாக வாங்கிச் சேருங்கள்.

மில்லில் அரைக்கிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. உங்களுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் மிஷின் தனி, மாவு மிஷின் தனி என்றாலும், மிளகாய் மிஷினுக்குள் போன ஆள் கரம் மசாலா ஓட்டியிருந்தால் உங்கள் முதல் பிடியில் பட்டையும் கிராம்பும் வரும். நல்ல மில்காரர் ஒரு கை மல்லியை விட்டுத் தள்ளிவிட்டுத்தான் உங்கள் சரக்கைக் கொட்டுவார். வெளியே வருகிற பொடி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் மூடியில் வியர்த்து, பொடி கட்டி தட்டிவிடும். வேட்டியிலோ பேப்பரிலோ பரப்பி, தொட்டால் குளிர்ந்திருக்கணும். அப்புறம்தான் டப்பா.

பெருங்காயம் கட்டியாக வாங்குங்கள். பிய்த்து, நல்லெண்ணெயில் பொரித்துப் போடணும். டப்பாத் தூளில் மாவும் கோந்தும் கலந்துதான் வரும். கட்டியிலும் கலப்பு உண்டு, இருந்தாலும் பரவாயில்லை.

#18 ரெண்டாம்தாளிப்பு | ஞாயிறு, பகல் 12:10

வத்தல் பற்றி யாரும் பேசவில்லையே. 1955இல் தென்காசியில் வாங்கிய வத்தல் இன்றைக்குக் கடையில் கிடைக்கிற குண்டூர் வத்தலாக இருக்க வாய்ப்பு குறைவு. பக்கத்து ராமநாதபுரம், சாத்தூர் சரக்கு வந்திருக்கும். முண்டு வத்தல் தோல் தடித்து, குழம்புக்கு நிறமும் திக்கும் கொடுக்கும். காரம் நிதானம். ராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடுகூடக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீசையையும் குண்டூரில் போட்டால் தயிர்ப் பானையையே கவிழ்க்க வேண்டிவரும். பாதி முண்டு, பாதி நீட்டு வத்தல் என்று போகலாம்.

அப்புறம், ஒரு வீசை என்பது காம்போடா, காம்பு கிள்ளியா?

#19 சும்மாபடிப்பவன் | ஞாயிறு, பகல் 12:25

ஒரு பொடிக்கு இவ்வளவு துப்புத் துலக்கலா. சரி, நானும் கேட்கிறேன். படி என்றால் தலைதட்டியா, குவித்தா?

#20 மல்லிவாசம் | ஞாயிறு, பகல் 12:31

பாருங்கள், பாக்கெட் பொடிக்காரரே உருப்படியான கேள்வி கேட்டுவிட்டார்.

#21 தென்காசிப்பேத்தி | அடுத்த சனி, இரவு 9:15

ஒரு வாரம் ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். தென்காசி போயிருந்தேன்.

மாமா வீட்டுப் பரணில் படி இருந்தது. இரும்புப் படி, வாயில் பித்தளை வளையம். அடியில் துரு இருந்தாலும் ஓட்டை இல்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கோயம்புத்தூரிலிருந்து கொண்டுபோன மில்லி கோடு போட்ட கோப்பையால் தண்ணீர் ஊற்றி அளந்தேன். விளிம்பு வரை 1,400 மில்லி. மூன்று தடவை அளந்தேன். மாமா, "படிக்குப் பிறந்தநாள் கொண்டாடுறியா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

துடைத்துக் காயவைத்து மல்லியைக் கொட்டினேன். தலைதட்டினால் 460 கிராம். குவித்தால் 515 கிராம். பெரியம்மா அம்பையிலிருந்து வந்திருந்தாள். தலைதட்டியா, குவித்தா என்று கேட்டதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. படியை என் கையிலிருந்து வாங்கினாள். மல்லிச் சாக்கில் முக்கி எடுத்து, இடது உள்ளங்கையை விளிம்போடு ஒட்டி வைத்து, இரண்டு தரம் மெல்லக் குலுக்கினாள். உள்ளே இறங்கிய இடத்தில் இன்னும் ஒரு பிடி போட்டாள். மேலே ஒரு கோபுரம் நின்றது. ஆனால் ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. "இதுதான் படி. தலைதட்டுறது விக்கிறவன் அளவு" என்றாள். நிறுத்தேன், 540!

வத்தல் காம்போடுதான் ஒரு வீசையாம். காம்பு கிள்ளுவது ஆச்சிக்கும் பெரியம்மாவுக்கும் இரண்டு நாள் மத்தியான வேலையாம். அந்த இரண்டு நாளும் ராத்திரி சோறு பிசைந்தால் விரல் எரியும் என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்களாம்.

எல்லாவற்றையும் நாலில் ஒன்றாகச் சுருக்கினேன். மருமகன் குறித்துக்கொள்ளவும்: மல்லி 540 கிராம். வத்தல் காம்போடு 350, பாதி முண்டு, பாதி நீட்டு. மஞ்சள் 35. மிளகு 48, சீரகம் 40, துவரம்பருப்பு 72, இந்த மூன்றும் கால் படியின் கால். பெருங்காயம் 6 கிராம். கறிவேப்பிலை என் கையில் கால் கை, அதாவது ஒரு இணுக்கு. உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல். மொத்தம் ஒரு கிலோவும் கொஞ்சமும் வரும்.

வெந்தயத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சொல்கிறேன்.

கணக்குப்படி அரைப் பலம், 18 கிராம் நிறுத்து வைத்தேன். பெரியம்மா தட்டை எட்டிப் பார்த்துவிட்டு அதில் பாதியைக் கையால் வழித்து டப்பாவில் திருப்பிப் போட்டாள். "தாத்தா எழுதிக் குடுத்தது கடைக்கு. இட்லிக்கு, தோசைக்கு, ஆச்சி தலைக்கு ஊறப்போட எல்லாம் சேத்து ரெண்டு பலம். பொடிக்கு இவ்வளவுதான்" என்றாள். அம்மா உடனே, "இல்லக்கா, பொடியிலயே வெந்தய வாசம் அடிக்கும்" என்றாள். இரண்டு பேருக்கும் வாக்குவாதம். பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு, அம்மாவுக்கு எழுபத்தொன்று. பதினோரு வருஷ வித்தியாசத்தில் ஆச்சியே கையை மாற்றிக்கொண்டிருக்கலாம் என்று நான் சொன்னதை இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

#22 பழையகணக்கு | அடுத்த சனி, இரவு 9:50

இது எனக்குத் தோன்றவே இல்லை. சீட்டு என்றதும் எல்லாம் பொடிக்கு என்று நானும் எடுத்துக்கொண்டேன். வாங்கின அளவு வேறு, போட்ட அளவு வேறு. பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#23 மாவுமில் | அடுத்த சனி, இரவு 10:05

அப்போ நான் சொன்ன 70 கிராம் கணக்கும் போச்சு. சரிதான். எங்கள் மில்லுக்கு வருகிறவர்களும் வீட்டில் எவ்வளவு திருப்பிப் போட்டுவிட்டு வருகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். கடைசியில் எதைப் போட்டீர்கள்?

#24 தென்காசிப்பேத்தி | ஞாயிறு, காலை 8:20

இரண்டையும். மற்றதெல்லாம் சேர்த்து அரைத்த பிறகு இரண்டாகப் பிரித்து, ஒன்றில் வறுத்துப் பொடித்த வெந்தயம் 9 கிராம், இன்னொன்றில் 4½ கிராம்.

வறுத்ததெல்லாம் பெரியம்மாதான். ஒவ்வொன்றும் தனித்தனி. மல்லியை நான் பொன்னிறத்தில் இறக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று, கருகிவிட்டது என்று நான் பயந்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் இறக்கச் சொன்னாள். மணிகள் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் பக்கத்தில் போயிருந்தன. வத்தலுக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெய், இரண்டு கல்லுப்பு, நெடி ஏறாமலிருக்க. துவரம்பருப்பு சிவக்க வேண்டும். மிளகு இரண்டு வெடித்ததும் போதும்.

ராத்திரி கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு இரண்டு சட்டியில். எது எது என்று சொல்லவில்லை. அம்மா முதல் சட்டியைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இது" என்றாள். அது 4½ கிராம் சட்டி. பெரியம்மா இரண்டாவது சட்டியைக் காட்டினாள். அது 9.

#25 ரெண்டாம்தாளிப்பு | ஞாயிறு, காலை 8:34

ஐயோ சாமி.

#26 மல்லிவாசம் | ஞாயிறு, காலை 8:41

இருவரிடமும் சொன்னீர்களா?

#27 தென்காசிப்பேத்தி | ஞாயிறு, காலை 8:50

எனக்கு என்ன பைத்தியமா. இரண்டு டப்பாவிலும் பெயர் எழுதாமல் ஆளுக்கு ஒன்று கொடுத்து அனுப்பிவிட்டேன். நாக்கு சொன்னதை வைத்துத்தான் கொடுத்தேன், வாய் சொன்னதை வைத்து இல்லை.

நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். ஆச்சி குழம்புதானா என்று கேட்டால், கிட்டத்தில் வந்திருக்கிறது. எது வித்தியாசம் என்று இதுவரை நான் நினைத்ததெல்லாம் தப்பு. வெந்தயம் இல்லை, அந்த மல்லி வறுவல்தான். இத்தனை வருஷமும் நான் மல்லியை அரைகுறையாக வறுத்திருக்கிறேன். அது தாத்தாவின் மையிலும் இல்லை, பெரியம்மாவின் பென்சிலிலும் இல்லை.

#28 குளிர்தேசத்துமருமகன் | ஞாயிறு, காலை 11:15

நன்றி அக்கா. 4½ கிராம் வெந்தயம் என் தராசில் காட்டாது, ஐந்தாகப் போடுகிறேன். அந்தக் "காப்பிக்கொட்டை நிறம்" எந்தக் காப்பிக்கொட்டை? இங்கே இவர்கள் குடிக்கிற காப்பிக்கொட்டை வெளுத்துப்போய் இருக்கும்.

#29 தென்காசிப்பேத்தி | ஞாயிறு, காலை 11:40

கும்பகோணம் டிகிரி காப்பிக்குப் போடுகிற கொட்டை. அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், புகை மணி அடித்துவிடப் போகிறது.

ஒரு கேள்வி பாக்கி. முதலில் அரைத்த அந்த வேப்பங்கொழுந்துப் பொடி முக்கால் கிலோவுக்கு மேல் கிடக்கிறது. எறிய மனசு வரவில்லை.

#30 மாவுமில் | ஞாயிறு, பகல் 12:15

எறியாதீர்கள். வத்தக்குழம்பு தாளிக்கும்போது வெந்தயம் போடுவீர்கள் இல்லையா, அதற்குப் பதில் இந்தப் பொடியில் கால் கரண்டி. அடுப்பைத் தணித்துவிட்டுப் போடுங்கள், கருகும். மிளகாய்த்தூளையும் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஃபிரீசரில் வைத்தால் அடுத்த மாசி வரை வரும்.

#31 சும்மாபடிப்பவன் | ஞாயிறு, பகல் 12:22

எனக்கு ஒரு பொட்டலம் அனுப்ப முடியுமா? கசப்பு இல்லை, மற்றது.